முன்வரிசைப் பதக்கம்

மெருகேற்றும் பேரல் சுற்றச் சுற்றப் பட்டறை முதலாளிக்குக் கண் சொருகியது.

உள்ளே பீங்கான் கற்களும் சோப்புத் தண்ணீரும் பித்தளை வில்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. பட்டறை தொடங்கிய நாளாய்க் கேட்கிற சத்தம்தான். இதுவரை அதற்குத் தலைவலி என்று பெயர்.

இன்றைக்கு அது கைதட்டல்.

சும்மா தட்டவில்லை. எழுந்து நின்று தட்டுகிறார்கள்.

வில்லைகளுக்கு நடுவே அவருடைய பழைய பதக்கமும் புரண்டுகொண்டிருந்தது. 'தொழில் திலகம்' என்று ஒரு வரி. கீழே அவர் பெயர். பீரோவில் கிடந்து களிம்பேறிக் கறுத்துவிட்டது.

மாலையில் சங்கத்தின் ஆண்டு விழா. பதக்கம் அணிந்து வருகிறவர்களுக்கு முன்வரிசை என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. மற்றவர்கள் பின்னால். பின்னால் மின்விசிறிக் காற்று வராது. போட்டோக்காரரும் வரமாட்டார். சங்கப் பொருளாளரான மச்சினன் மட்டும் தவறாமல் திரும்பிப் பார்ப்பார்.

புளி போட்டுத் தேய்த்துத் தருவதாக வீட்டில் சொன்னார்கள். பட்டறை வைத்திருப்பவர் பதக்கத்துக்குப் புளியா?

"ஏனுங்க, நிறுத்திரட்டுங்களா?" பேரலைப் பார்த்துக்கொள்ளும் சுகந்தி கேட்டாள். "பிசிறெல்லாம் எப்பவோ போயிருக்குமுங்க."

"இருக்கட்டும் அம்மிணி. இன்னுங் கொஞ்சம் சுத்தட்டும்."

அவர் மேடை ஏறிக்கொண்டிருந்தார்.

படியெல்லாம் நுரை. கால் வழுக்கவில்லை. சால்வை தோளில் விழுந்தது, ஈரத்துணி போலக் குளிர்ச்சியாக. முகம் சரியாகத் தெரியாத யாரோ ஒரு பெரிய மனிதர் ஒதுங்கி வழிவிட்டார். மச்சினன் கடைசி வரிசையில், உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறபோது பேரலை நிறுத்த யாருக்கு மனம் வரும்?

டீ வந்தது. ஆடை படிந்தது.

"தேஞ்சு போயிருமுங்க" என்றாள் சுகந்தி.

அவர் கையை மட்டும் அசைத்தார். கூட்டத்தைப் பார்த்து அசைக்கிற மாதிரி.

கரண்ட் போனது.

கூட்டம் சட்டென்று அடங்கியது.

சுகந்தி மூடியைத் திறந்து சல்லடையில் கொட்டிக் குலுக்கினாள். கற்கள் கீழே உதிர்ந்தன. வில்லைகள் மேலே தங்கின. வாளியில் அலசியபோது தண்ணீர் முழுக்க நிலாவாக இருந்தது.

அவர் ஒன்றை எடுத்தார். திருப்பினார். அடுத்ததை எடுத்தார்.

ஓரத்தில் ஒரு துளை. வழவழப்பு. எல்லாவற்றிலும் அவர் முகம் தெரிந்தது. பெயர் எதிலும் இல்லை.

அவர் பட்டம் வாங்கிய அந்த வருஷம் சங்கத்துக்குப் பதக்கங்களைச் சகாய விலையில் செய்து கொடுத்தவர் அவரேதான். இதே அளவு வில்லை. எழுத்தை மேலோட்டமாகக் கீறினால் போதும் என்று சொன்னதும் அவர்தான்.

"இதுல உங்களுது எதுங்க?" சுகந்தி குரலில் கேலி இல்லை. அதுதான் சங்கடம். "மத்ததுல நம்பர் அடிச்சு அனுப்பணுமுங்க. சாக்கடை வால்வுல தொங்கவுடறதுக்குக் கார்ப்பரேசன்ல கேட்டிருக்காங்க."

நெடுநேரம் பார்த்தார். பிறகு, அதிகம் மின்னிய ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நடையில் ஏற்கெனவே முன்வரிசை வந்திருந்தது.

மீதியை அவள் வரிசையாக அடுக்கினாள். முதல் வில்லையில் எண் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. அடுத்தது. அதற்கடுத்தது.

ஒன்றில் மட்டும் கை நின்றது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். இப்படியும் அப்படியும் சாய்த்தாள். ஓர் எழுத்தின் வால் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

வாசலில் அவர் கார் கிளம்பிப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

பிறகு அடித்தாள்.