தேய்ந்த பல்

பழைய துப்பாக்கியின் அடிக்கட்டை பலகையில் மோதியதும் 'டப்'பென்று வெடித்தது.

சோதனைக்காகப் போட்ட குண்டில்லாத தோட்டாதான். ஆனாலும் விசாரணை அறையில் எல்லோருக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரரின் தங்கை மட்டும் அசையவில்லை.

காவலுக்கு நின்ற அவள் கணவன் இதே துப்பாக்கியால்தான் செத்தான். கைதவறி விழுந்து வெடித்ததா, அவனே சுட்டுக்கொண்டானா என்பதுதான் கேள்வி.

"அவரா பண்ணிக்கிட்டாருன்னா, எங்கிட்ட என்னண்ணா கொறை கண்டாரு?"

சாவு வீட்டில் அவள் அப்படிக் கேட்டதிலிருந்து ஆர்மரருக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணை அதிகாரி, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்து விளக்கச் சொன்னார்.

தோட்டாவின் பின்புறத்தைக் குத்துவது ஃபயரிங் பின் என்றார் ஆர்மரர். ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். பிடித்து நிறுத்துவது இரண்டே பற்கள். ஒன்று விசையோடு சேர்ந்தது, மற்றது சேஃப்டியில் மாட்டுவது. இந்த அரதப் பழசில் வேறு தடுப்பு கிடையாது. பற்கள் தேய்ந்துபோனால், கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே பின் நழுவிப் பாயும்.

இதில் தேய்ந்திருக்கிறது என்றார். அதைக் கவனிக்க வேண்டியது யார் என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்றார்.

அங்கேயே அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

வெளியே நடையில் தங்கை வழிமறித்தாள். பல நாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது. பார்க்க ஆர்மரருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"அப்ப அவரு என்னை விட்டுட்டுப் போகல. நீதான் கொன்னுட்ட."

இனி தன் வாசல்படியை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனாள்.

அவர் ஆயுத அறைப் பக்கம் நடந்தார். வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டது.

ஆயுத அறைச் சாவியை ஒப்படைக்குமுன் இழுப்பறையிலிருந்து சின்ன அரத்தை எடுத்தார். அதன் வரிகளில் இரும்புத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

விசாரணைக்காக அந்தத் துப்பாக்கியை அவரிடம் பூட்டிவைக்கக் கொடுத்த அன்றே பிரித்துப் பார்த்திருந்தார். இரண்டு பற்களும் கன கச்சிதம். மாடியிலிருந்து போட்டாலும் வெடித்திருக்காது. அராவித் தேய்த்ததும், பளபளப்பு தெரியாமல் எண்ணெயும் கரியும் பூசியதும் அவர்தான்.

துணியால் அரத்தை அழுத்தித் துடைத்தார்.

அவளிடம் அந்தப் பாவி என்ன குறை கண்டானோ, அவருக்கும் தெரியவில்லை.