மட்டக்களப்புக்குப் போன கேக்

"றோஸி! கொஞ்சம் மெதுவாக் கதைக்க மாட்டீங்களா?"

காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. மனேஜர் ஷெல்டன் இதைச் சொல்வது நாலாவது தடவை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், கேக்கும் ஐஸ்கிறீமும் குளிர் லொறியில் அனுப்புகிற கம்பனி அது. போனில் வரும் ஓடர்களை றோஸி எடுப்பாள். பக்கத்து மேசையில் கொன்ஸ்ரன்ரைன் அங்கிள் அதைக் கேட்டு லொறி லிஸ்ட் எழுதுவார். அவள் விலாசம் சொன்னால் ஜம்பட்டா வீதி வரைக்கும் கேட்கும்.

"மட்டக்களப்பு இல்லை அங்கிள், மட்டக்குளி! கு... ளி!"

சே! இது ஒபிஸா, பேலியகொடை மீன் சந்தையா?

ஷெல்டனும் செய்யாத வித்தை இல்லை. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் நுரைப் பலகை ஒட்டினார். தரைக்குக் காப்பெட் போட்டார். கதிரைக் கால்களுக்கு றப்பர் மாட்டினார். சத்தம் அளக்கிற அப் ஒன்றைக்கூடப் போனில் இறக்கி வைத்திருந்தார். கதிரை அடங்கியது, கதவு அடங்கியது. றோஸி அடங்கவில்லை.

"எண்பத்திரண்டு டெசிபெல்! மனிசருக்குக் காது வேணாமா? இண்டையிலிருந்து நீங்கள் கண்ணாடி அறைக்குள்ள இருங்கோ. விலாசத்தை இன்ரகொம்மில அங்கிளுக்குச் சொல்லுங்கோ."

"சேர், ப்ளீஸ், நான் இங்கயே..."

"ஒரு கதையும் வேணாம்."

றோஸி போனாள். அவள் இன்ரகொம்மில் சொன்ன விலாசங்களோடு லொறிகளும் புறப்பட்டன. அப்பாடா! ஏசி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. ஷெல்டன் நிம்மதியாக ஒரு பிளேன்ரீ குடித்தார்.

மூன்று மணிக்கு, பத்து நிமிஷ ஓட்டத்தில் இருக்கிற மட்டக்குளியிலிருந்து ஒரு தாய் போனில் அழுதாள்.

"நாலரைக்கு என்ர மகளுக்குக் கலியாணம். கேக் எங்க மிஸ்டர்?"

ஷெல்டன் பதறிப்போய் லொறிக்குப் போன் அடித்தார்.

"கேக் என்னோடதான் இருக்கு சேர்," என்றான் சாரதி ஷாமில். "லிஸ்டில மட்டக்களப்பு எண்டுதானே போட்டிருக்கு? பொலன்னறுவை தாண்டி, இருநூறு கிலோமீற்றருக்கு மேல வந்திட்டன்."

ஷெல்டனுக்கு இரத்தம் தலைக்கேறியது. லிஸ்டைத் தூக்கிக்கொண்டு கொன்ஸ்ரன்ரைனிடம் பாய்ந்தார்.

அதற்குள் றோஸி கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ர பிழை சேர்! நான்தான் மாறிச் சொல்லிட்டன்."

"அப்ப நாளையிலிருந்து வர வேணாம். கத்த மட்டும் தெரியுது, ஒரு ஊர்ப் பேரை ஒழுங்காச் சொல்லத் தெரியேல்ல!"

அதுவரை ஷெல்டனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த கொன்ஸ்ரன்ரைன் எழும்பினார்.

"பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கும் சேர். எனக்குத்தான் விளங்கேல்ல. ஒரு வருஷமா ரெண்டு காதும் சரியில்லை. இந்த வயசில என்ர வேலை போகக்கூடாதெண்டுதான் பிள்ளை இவ்வளவு நாளும் கத்தினது. உங்களிட்ட ஏச்சும் வாங்கினது."

ஷெல்டன் றோஸியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் முழுதாக இறங்கவில்லை.

"காதில பிரச்சினை எண்டால் என்னட்ட நேரத்தோட சொல்லியிருக்கலாமே அங்கிள்?"

"சொன்னனான் சேர். இந்த மேசைக்கு வர முந்தி பன்னிரண்டு வருஷம் கீழ குளிர் அறையில, கொம்பிரசருக்குப் பக்கத்திலதானே என்னை இருத்தினீங்கள். சத்தம் தாங்கேலாமக் காது இரையுது எண்டு மூண்டு தரம் உங்களிட்ட வந்தனான்."

கொன்ஸ்ரன்ரைன் லிஸ்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பழகிடும் எண்டு சொன்னீங்கள்."