பேர் பெற்ற கெம்பஸ்

"கெம்பஸ்னா கொழும்புதான். அதுக்குத்தான் பேரு!" மகள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்ற பேச்சில் பெல்மதுளைக் கடை முதலாளி தம்பையா பிடிவாதமாக நின்றார்.

"விவசாயப் படிப்பு பேராதனையிலதாங்கப்பா இருக்கு. எனக்கு அதுதான் பிடிக்கும்" என்றாள் சீதாதேவி.

"பேராதனைன்னா பஜார்ல எவன் மதிப்பான்?"

ஊர்ப் பேச்சைச் சட்டை செய்யாத அப்பாவுக்கு இதில் மட்டும் என்ன வந்தது? அவளுக்குப் புரியவில்லை.

வாராவாரம் கொழும்பிலிருந்து கடைக்குச் சாமான் ஏற்றிவரும் லொறி டிரைவர் அந்தோனி உள்ளே வந்தார்.

"முதலாளி, இனிமே மகளைப் பார்க்க வாராவாரம் நீங்களும் வர்றேன்னீங்களே, முன்சீட்டுக்கு மெத்தை போட்டாச்சு!"

தம்பையா அவசரமாகத் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

சீதாதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அண்ணே, பேராதனைப் பக்கம் ஏத்திவரச் சாமான் ஒண்ணும் இல்லையா?"

அந்தோனி வாய் திறக்குமுன் தம்பையா சொன்னார்:

"அந்தப் பக்கம் மாத்தளை மிளகுக்கு நல்ல பேரும்மா."