மடக்கு நாற்காலிகளுக்கு முன்னால்

"அஞ்சு நிமிஷம் கும்பிட்டா என்னங்க குறைஞ்சு போயிரும்?"

என் வீட்டுக்காரர் கோபாலசாமி இப்படிக் கேட்டதும், புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒன்றும் குறையாது என்று தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும், அமெரிக்காவில் எங்கள் பிளானோ ஊர்க் கோயில் ஹாலிலேயே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். போன வாரம்தான் நாங்கள் ஸ்பெயினிலிருந்து திரும்பியிருந்தோம். அங்கே ஒரு பழைய சர்ச்சில் நடந்ததை இவர் மறுபடியும் ஆரம்பித்திருந்தார்.

எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நானும் பக்கத்தில்தானே நின்றேன்.

முன்பு மசூதியாக இருந்த இடம் அது. பழைய தூண்களும் வளைவுகளும் சுற்றிலும் நிற்க, நடுவில் சர்ச் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வந்த ஒரு பெரியவர் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு ஓரத்தில் தொழுவதற்கு மண்டியிட்டார். நெற்றி தரையைத் தொடுவதற்குள் காவலாளி ஓடிவந்து தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

பெரியவர் ஸாரி சொல்லிவிட்டுப் போனார். ஸாரி சொல்ல வேண்டியது அவரா?

இவர் விடவில்லை. காவலாளியிடம் போய்ச் சண்டை பிடித்தார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டோமே என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

"அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமுங்களா? 'இப்ப இது சர்ச், சார்'ங்கறான்! திமிரப் பாருங்க!"

அப்போதுதான் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாள் உள்ளே வந்தாள். ஷூவை வாசலிலேயே கழற்றியிருந்தாள். முருகன் சன்னதிப் பக்கம் திரும்பவில்லை. நேராக எதிர்ச்சுவருக்குப் போய், அங்கே அடுக்கியிருந்த மடக்கு நாற்காலிகளுக்கு முன்னால், சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாக மண்டியிட்டாள்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். கமிட்டியில் ஹால் பொறுப்பு இவருடையது. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

தோளைத் தொடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குனிந்து, மரியாதையாகத்தான் இங்கிலீஷில் பேசினார். அவள் தரையைக் காட்டி, இறந்துபோன தன் கணவரின் சவப்பெட்டியைக் கடைசியாக இங்கேதான் வைத்திருந்தார்கள் என்றாள்.

"இப்ப இது கோயில், மேடம்."

அவள் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஸாரி சொன்னாள். ஷூவை மாட்டிக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் ஆனது.

இந்தக் கட்டடத்தை வாங்கியபோது, முருகன் கிழக்கே பார்க்க வேண்டும் என்று ஹாலையே திருப்பிப் போட்டோம். நாற்காலிகள் அடுக்கியிருக்கும் அந்த இடத்தில்தான் இங்கே இருந்த சர்ச்சின் பீடம் இருந்தது. நாங்கள் யாரையும் விரட்டவில்லை, முறைப்படி வாங்கினோம். ஆனால் அஞ்சு நிமிஷத்தில் என்ன குறைந்துவிடும்?

இவர் திரும்பி வந்து, தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க விட்டேன்?"

எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"'இப்ப இது சர்ச், சார்'னு சொன்னானே, அங்கதானுங்க விட்டீங்க."