வயிறு கூப்பிடும் நேரம்

"மறுபடியுமா?"

சூப்பர்வைசர் வாயைத் திறந்து கேட்கவில்லை. கண்ணாலேயே கேட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

குயில் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

வாடிக்கையாளர்களின் குறைகளைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் ஆபீஸ் அது. குரலுக்காகவே அவளுக்குக் குயில் என்று பேர். சூப்பர்வைசருக்கு எல்லாரும் சேர்ந்து வைத்த பேர் ஸ்டாப்வாட்ச். அவளும் அதே வரிசையில் உட்கார்ந்து போன் எடுப்பவள்தான். ஆனால் யார் எழுந்தாலும் அவள் பார்வை கடிகாரத்துக்குப் போய்விடும்.

அடிக்கடி எழுந்து போகிறாள் என்று போன மாதம்தான் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்தது யார் என்பதுதான் அந்த ஹாலில் எல்லாருடைய கவலையும்.

குயிலுக்குத் தைராய்டு. சுரக்க வேண்டியது சரியாகச் சுரக்கவில்லை. உடம்பு ஊதியது, கை கால் ஓய்ந்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். வயிறுதான் வதைத்தது. நாள் கணக்கில் அசையாது. மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கும்.

டாக்டர் நார்ச்சத்துப் பொடியும் மெக்னீசியம் மாத்திரையும் கொடுத்தார்.

"விடிஞ்சதும் வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை. இது ரெண்டையும் அதோட சேர்த்துப் போடவே கூடாது. நாலு மணி நேரமாவது தள்ளித்தான் சாப்பிடணும்."

நாலு மணி நேரம் தள்ளி என்றால் ஆபீஸில்தான். பொடியைக் கலக்கி மடக் மடக்கென்று குடிப்பாள். அது எப்போது வேலையைக் காட்டும் என்று அதற்கே தெரியாது. போனில் ஒருத்தர் காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் வயிறு கூப்பிடும்.

ஒருநாள் ஸ்டாப்வாட்ச் அவள் மேஜைக்கே வந்து பொடி டப்பாவைக் கையில் எடுத்தாள். மேலே எழுதியிருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்தாள்.

"தினமும் இதையா குடிக்கறே?"

"ஆமா மேடம். வந்து... சும்மா, சத்துக்கு."

"ம்."

அந்த ஒரு 'ம்'மிலேயே குயிலுக்குக் கதி கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே ஒன்றாக விழுங்கினாள். ஆபீஸ் கிளம்புவதற்குள் வயிற்றுப்பாடு முடிந்துவிடும் என்று கணக்கு. முடியவும் முடிந்தது. ஆனால் சில வாரங்களில் முகம் வீங்கிப்போனது. படி ஏறினால் மூச்சு வாங்கியது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் எகிறினார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! சேர்த்துப் போட்டா அந்தப் பொடி தைராய்டு மாத்திரையை உடம்புல சேர விடாது. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தின கதைதான். உனக்கு உடம்பு முக்கியமா, வேலை முக்கியமா?"

"ரெண்டுமே வேணும் டாக்டர். வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு."

டாக்டர் அதே மருந்துச் சீட்டை மறுபடி எழுதி நீட்டினார்.

மறுபடி ஆபீஸில் குடிக்க ஆரம்பித்தாள். மறுபடி ஓட்டம். மறுபடி அந்தக் கடிகாரப் பார்வை.

இன்று காலை ஸ்டாப்வாட்ச் ஹால் நடுவில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"குயில், உன் சாமானையெல்லாம் எடுத்துக்கோ. இனிமே உன் சீட் அந்த மூலை."

பாத்ரூம் கதவை ஒட்டின சீட். யாரும் சீந்தாத சீட். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குயிலுக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"பழி வாங்கறாடி," என்று காதைக் கடித்தாள், இதுவரை பக்கத்து சீட்டில் இருந்த தோழி. "இன்னிக்கு மூலை, நாளைக்கு வாசல். அவ உன்னைப் பத்திப் போட்டுக் கொடுக்கறதுக்கு முன்னாடி, நீ போய் மேனேஜர்கிட்ட அவளைப் பத்திச் சொல்லு. முந்திக்கறவதான் பொழைப்பா."

குயில் மத்தியானம் வரை யோசித்தாள். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், எங்க சூப்பர்வைசர் மேல ஒரு புகார்..."

"உட்காருங்கம்மா. நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்." மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அந்தம்மாவுக்கு உடம்புக்கு என்ன?"

"அவங்களுக்கா சார்? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லையே."

"உங்க வரிசையில அடிக்கடி போன் எடுக்க ஆள் இல்லாம அடிச்சிட்டே இருக்குன்னு மேலிடத்துல சத்தம் போடறாங்க. நேத்து அந்தம்மாவைக் கூப்பிட்டு, யார் எழுந்து எழுந்து போறது, பேரைச் சொல்லுங்க, அனுப்பிடலாம்னேன். பட்டுனு, 'நான்தான் சார். எனக்குத்தான் வயித்துக் கோளாறு. வேற யாரையும் ஒண்ணும் பண்ணிடாதீங்க'ன்னுட்டாங்க."

குயில் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா இருக்கறவங்க. அவங்களை எப்படி அனுப்பறதுன்னு எனக்கும் மனசு கேட்கலை." மேனேஜர் பெருமூச்சு விட்டார். "சரி, அவங்க மேல என்னமோ புகார்னு சொன்னீங்களே. என்ன?"

வெளியே போன் அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"புகார் ஒண்ணும் இல்லை சார்," என்றாள் குயில். "அந்த வயிறு என்னோடது."