உப்புக்கு நாள் குறிக்கவில்லை

குளச்சல் மணல் உச்சிவெயிலில் கொதிக்கிறது. மீன்காரி சித்தி ஆயிஷாவின் சாளைமீன் குவியல்மேல் ஈக்கள் எழுந்தெழுந்து அமர்கின்றன. கருவாடு போட நேற்றுக் காலை சொல்லிவிட்ட உப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. மூட்டையை இறக்க விடாமல் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஒனக்க உப்பு எனக்கு வேண்டாம்லே!"

"நாளு குறிச்சியளா உம்மா? உப்பு வேணும்னுதானே சொன்னிய," என்கிறான் வண்டிக்கார ரசலையன். "பாரம் நிறையட்டும்னு நின்னேன்."

"மீனு நிக்குமாலே? வக்கீலே, சட்டம் என்ன சொல்லுது?"

வழியோடு போன வக்கீல் ராஜையன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி நிற்கிறார். "நாள் குறிக்கலேன்னா நியாயமான காலத்துக்குள்ள குடுக்கணும்."

"அது எத்தற நேரம்?"

"அது... சரக்கைப் பொறுத்தது."

அவள் ஒரு சாளையை எடுத்து வயிற்றில் பெருவிரலை வைக்கிறாள். அழுத்தவே இல்லை, விரல் உள்ளே போய்விடுகிறது. ரசலையன் அந்த விரலைப் பார்க்கிறான். மாட்டைத் திருப்புகிறான்.