மீட்டரில் மைனஸ்

ஆஸ்பத்திரியின் தனி அறைக் கதவுக்கு மேலிருந்த காற்றழுத்த மீட்டரைப் பார்த்ததும் சிஸ்டர் சாந்தினி நடையை நிறுத்தினாள். நேற்று வரை மைனஸ் மூன்று. இன்று பிளஸ் எட்டு.

உள்ளே இரண்டு வாரமாகக் காசநோய்க்காரர் ஒருவர். மைனஸ் என்றால் வெளிக்காற்று உள்ளே போகிறது, பயமில்லை. பிளஸ் என்றால் அவர் இருமிய காற்று வெளியே வருகிறது. கதவுக்கு எதிர் கவுண்டரில்தான் இளம் நர்ஸ் ஷர்மினி உட்கார்ந்திருந்தாள், ஏழு மாத வயிற்றோடு.

ஷர்மினியை உடனே மேல் மாடிக்கு அனுப்பிவிட்டு, டெக்னீஷியன் தீபனுக்குப் போன் போட்டாள். கெட்ட காற்றைக் கூரைக்கு இழுத்துவிடும் ஃபேனை நேற்றுக் கழற்றி மாட்டியவன் அவன்தான்.

பக்கத்து ஊரான மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். புகார் எழுதப் போவதாகவும், வேலை போனால் தன்னைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னாள்.

"பழைய பெல்ட்டைத்தான் மாத்தினேன் சிஸ்டர்."

"நீ கை வச்சப்புறம்தானே பிளஸ் ஆச்சு? அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆனா நீயா வந்து பதில் சொல்லுவ?"

 தீபன் ஒரு டிஷ்யூவை உருவிக் கதவின் அடியிடுக்கில் பிடித்தான். அது விருட்டென்று உள்ளே இழுபட்டது.

"காத்து உள்ளதான் போவுது லா. ரூம் சரியா இருக்கு. மீட்டர்தான் தலைகீழா காட்டுது."

சாந்தினிக்கு மூச்சு வந்தது. அவன் ஏணி போட்டு மீட்டரைத் திறந்தான். அறைக்குப் போகும் ட்யூபும் தாழ்வாரத்துக்குப் போகும் ட்யூபும் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தன.

வந்த மூச்சு பாதியில் நின்றது.

"அப்ப நேத்து வரைக்கும் மைனஸ் காட்டினது?"

"அதுவும் தலைகீழ்தான் சிஸ்டர். பெல்ட் தளர்ந்து கிடந்துச்சு. இத்தனை நாளும் காத்து வெளியதான் வந்திருக்கு." ஏணியிலிருந்தே குனிந்து பார்த்தான். "ட்யூப்லயே எது எதுன்னு எழுதியிருக்கு, இது தெரியாம செஞ்சது இல்ல. யாரோ வேணும்னே மாத்தியிருக்காங்க. யாருன்னு தெரியுமா?"

சாந்தினிக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன், அறை காலியாக இருந்தபோது, மீட்டர் பிளஸ் காட்ட, மறுநாள் ஆடிட் என்ற பதற்றத்தில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் கனகராஜிடம் அவள்தான் கெஞ்சினாள்: "என்ன பண்ணுவீங்களோ தெரியாது அண்ணே, நாளைக்கு மட்டும் மீட்டர்ல மைனஸ் தெரிஞ்சா போதும்."